கடுங்குளிரில் எரியும் செக் எஞ்சின் விளக்கு: காரணத்தைக் கண்டறியும் முறை

ரொறன்ரோப் பகுதியில் வெப்பநிலை மைனஸ் 15 பாகைக்குக் கீழே இறங்கும் முதற் காலையில், அதுவரை ஒரு குறையும் காட்டாமல் ஓடிய கார்களிற் சிலவற்றில் செக் எஞ்சின் விளக்கு எரியத் தொடங்கிவிடும். "குளிருக்குத்தான் எரிகிறது, ஏப்ரல் வந்தால் போய்விடும்" என்று அதை அப்படியே விட்டுவிடுபவர்கள் ஒரு வகை. உடனே கராஜுக்கு ஓடி, கார்க் கணினி பதிந்துவைத்த பழுதுக் குறியீடு சுட்டிய சென்சரை மாற்றிக்கொண்டு, இரண்டு வாரத்தில் அதே விளக்கோடு திரும்பி வருபவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டு வகையிலும் இருந்திருக்கிறேன். குளிர் புதிய பழுதை உண்டாக்குவது குறைவு; பாதி தேய்ந்த பற்றரி, இறுகிப்போன இறப்பர்க் குழாய், முழுவதும் மூடாத தெர்மோஸ்ரற் என்று கோடையில் தப்பிப் பிழைத்தவற்றை அது வெளியே இழுத்துவிடுகிறது. ஆகவே என்ன குறியீடு என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அந்தக் குறியீடு பதிவான கணத்தில் எஞ்சின் எவ்வளவு குளிர்ந்திருந்தது என்பதையும் கேட்கவேண்டும். குளிர்காலப் பழுதுகளைப் பொறுத்தவரை பாதி விடை அந்த இரண்டாவது கேள்வியிலேயே இருக்கிறது.

ஒன்ராறியோவில் சாதாரணப் பயணிகள் கார்களுக்கான டிறைவ் கிளீன் புகைப் பரிசோதனை 2019 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. அதன்பின் இந்த விளக்கோடு வருடக்கணக்காக ஓடுவதை யாரும் தடுப்பதில்லை. ஏற்கனவே எரிந்துகொண்டிருக்கும் விளக்கு, புதிதாக வரும் பழுதை அறிவிக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வைத்திருப்பது நல்லது.

ஓட்டலாமா, நிறுத்தவேண்டுமா?

மஞ்சள் நிற விளக்கு சீராக எரிந்து, எஞ்சின் வழமைபோல் ஓடுமானால், வேலைக்குப் போய் மாலையில் சோதிக்கலாம். அது விட்டுவிட்டு மினுங்கினால் நிலைமை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் புகைக்குழாய்க்குள் போகிறது என்றும், அது அங்கே உள்ள புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டரைச் சுட்டுக் கெடுக்கக்கூடும் என்றும் கார் சொல்கிறது. வேகத்தைக் குறைத்து, மினுங்கல் நிற்காவிட்டால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிடவேண்டும். சிவப்பு நிற எண்ணெய்க் குவளை அடையாளமோ வெப்பமானி அடையாளமோ எரிந்தால், அது மைனஸ் 25 பாகையாக இருந்தாலும், உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைக்கவேண்டும். ரயர்க் காற்றழுத்த விளக்கை இதனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வெப்பநிலை ஏறக்குறைய 5 அல்லது 6 பாகை குறையும் ஒவ்வொரு தடவையும் ரயரில் ஒரு பிஎஸ்ஐ அளவு காற்றழுத்தம் குறைவதால், முதற் குளிர்நாளில் அதுவும் எரிவது வழமை. காற்று நிரப்பினால் அது போய்விடும்.

சோதனை தொடங்க முன்னர் ஒன்று. பனிகொட்டிய காலையில் புகைக்குழாயின் வாய் பனியால் அடைபட்டிருக்கிறதா என்று பின்னால் போய்ப் பாருங்கள். வீட்டோடு ஒட்டிய வாகனக் கொட்டகைக்குள், கதவு திறந்திருந்தாலும், எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு சோதனை செய்யக்கூடாது. காபன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது.

குறியீட்டை அழிக்க முன்னர் வாசியுங்கள்

கனடாவில் 1998 முதலான மாதிரிக் கார்களிலும், அமெரிக்காவில் 1996 முதலானவற்றிலும், ஸ்ரியறிங்குக்குக் கீழே, சாரதியின் முழங்காலுக்கு அண்மையில், கார்க் கணினியின் பதிவுகளை வாசிப்பதற்கான, 16 ஊசிகள் கொண்ட ஓபிடி-2 இணைப்பு இருக்கிறது. அதில் செருகிக் கைபேசியோடு புளூரூத் வழியாக இணையும் சிறு வாசிப்பான் ஒன்று இந்த நாட்டில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஐஸ் சுரண்டி அளவுக்கு அவசியமானது என்பது என் கருத்து. வேலை முடிந்ததும் அதைக் கழற்றிவிடுங்கள். செருகியபடியே விட்டால் சில கார்களில் அது இரவிரவாகப் பற்றரியை உறிஞ்சும்.

குறியீட்டை எழுதிக்கொண்டபின் பலர் செய்யும் தவறு, "அழித்துப் பார்ப்போம், திரும்ப வருகிறதா" என்று அழிப்பதுதான். அழிக்கும்போது குறியீட்டோடு சேர்ந்து ஃபிரீஸ் ஃபிரேம் என்னும் பதிவும் போய்விடும். பெயருக்கும் குளிருக்கும் தொடர்பில்லை. பழுது தோன்றிய கணத்தில் எஞ்சின் இருந்த நிலையைக் கார்க் கணினி அப்படியே பிடித்துவைக்கும் பதிவு அது. கூலன்ற் என்னும் குளிர்விக்கும் திரவத்தின் வெப்பநிலை, எஞ்சின் சுழல்வேகம், காரின் வேகம், கணினி எரிபொருளை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ விடுகிறது என்னும் எரிபொருள் திருத்த வீதம் ஆகியவை அதில் இருக்கும். பல கார்களில் ஸ்ரார்ட் செய்து எத்தனை விநாடி ஆகியது என்பதும் இருக்கும். கூலன்ற் மைனஸ் 14 பாகை, ஓடிய நேரம் 8 விநாடி என்று அங்கே இருந்தால், பழுது ஸ்ரார்ட் செய்யும் கணத்துக்கு உரியது. கூலன்ற் 58 பாகை, வேகம் 105 கிலோமீற்றர், ஓடிய நேரம் 25 நிமிடம் என்று இருந்தால், எஞ்சின் சூடாக மறுக்கிறது. கூலன்ற் 92 பாகை என்றிருந்தால், உங்கள் பழுதுக்கும் குளிருக்கும் பெரும்பாலும் தொடர்பே இல்லை. இந்த ஒரு பக்கத்தைக் கைபேசியில் படம்பிடித்து வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

முதலில் பற்றரி, எந்தக் குறியீடாக இருந்தாலும்

ஒரே காலையில் ஐந்தாறு குறியீடுகள், ஒன்றோடொன்று தொடர்பில்லாதவையாக, சேர்ந்து வந்திருந்தால் அவற்றில் எதையும் நம்பவேண்டாம். மின்னழுத்தம் குறைந்ததைச் சொல்லும் பி0562, கணினிகளுக்கிடையே தொடர்பு அறுந்ததைச் சொல்லும் யு0100 போன்றவை அந்தக் கூட்டத்தில் இருந்தால் சந்தேகம் உறுதியாகிறது. ஈயப் பற்றரி மைனஸ் 18 பாகையில் தன் வலுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழக்கிறது. அதே நேரம் தடித்துப்போன எண்ணெய்க்கு எதிராக எஞ்சினைச் சுழற்ற ஸ்ரார்ட்டர் கூடுதல் மின்னைக் கேட்கிறது. இந்த இழுபறியில் மின்னழுத்தம் சரியும் சில விநாடிகளுக்குக் கணினிகள் தடுமாறி, கண்ட கண்ட குறியீடுகளை எழுதிவைக்கின்றன.

மலிவான மல்ரிமீற்றர் ஒன்று போதும். இரவு முழுவதும் நின்ற காரில், ஸ்ரார்ட் செய்ய முன்னர், பற்றரி முனைகளில் 12.6 வோல்ற் அளவு இருக்கவேண்டும். 12.4 என்றால் முக்காற்பங்கும், 12.2 என்றால் ஏறக்குறைய அரைப்பங்கும்தான் மின்னேற்றம் மிஞ்சியிருக்கிறது. பின்னர் ஒருவரை ஸ்ரார்ட் செய்யச் சொல்லிவிட்டு மீற்றரைப் பாருங்கள்: எஞ்சின் சுழலும்போது 9.6 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால் பற்றரியையும் அதன் முனைகளையும் சந்தேகிக்கலாம், கடுங்குளிரில் சிறிது கூடுதலாக விழுவதை மன்னிக்கலாம். எஞ்சின் ஓடத் தொடங்கியபின் 13.5 முதல் 14.7 வரை இருந்தால் மின்னேற்றும் பகுதி நலம். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அதைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி அளக்கவேண்டும். பழைய பற்றரி என்று தூக்கி எறியப்பட்டவற்றில் சில உண்மையில் அழுக்கு முனைகளே.

முழுவதும் இறங்கிய பற்றரியின் உள்ளே இருக்கும் திரவம் மைனஸ் 7 பாகை அளவிலேயே உறையத் தொடங்கும். நன்றாக மின்னேறியது மைனஸ் 50 பாகையிலும் உறையாது. பக்கங்கள் புடைத்து உறைந்துவிட்ட பற்றரிக்கு இன்னொரு காரிலிருந்து மின் கொடுக்கக்கூடாது, அது வெடிக்கலாம். புதிது வாங்கும்போது சிசிஏ என்று எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். மைனஸ் 18 பாகையில், 7.2 வோல்ற்றுக்குக் கீழே போகாமல், 30 விநாடிகளுக்குப் பற்றரியால் எத்தனை அம்பியர் கொடுக்க முடியும் என்பதே அது. காரின் கையேடு கேட்கும் எண்ணுக்குக் குறைந்ததை விலை பார்த்து வாங்காதீர்கள்.

பி0128: குளிர்காலத்துக்கே உரிய குறியீடு

கூலன்ற் சூடாகவேண்டிய நேரத்துக்குள் சூடாகவில்லை என்பதே இதன் பொருள். உள்ளே வந்த காற்றின் வெப்பநிலை, எஞ்சின் உள்ளிழுத்த காற்றின் அளவு, ஓடிய நேரம் ஆகியவற்றைக் கொண்டு கணினி ஒரு கணக்குப் போடுகிறது. "இந்நேரம் இவ்வளவு சூடாகியிருக்கவேண்டும்" என்ற அந்தக் கணக்குக்கு உண்மை எட்டவில்லையென்றால் விளக்கை எரியவிடுகிறது. தெர்மோஸ்ரற் என்பது எஞ்சின் சூடாகும்வரை றேடியேற்றருக்குப் போகும் வழியை மூடிவைத்திருக்கும் சிறு கதவு. அதன் சுருள் தளர்ந்து எப்போதும் சற்றே திறந்து நின்றால், யூலை மாதத்தில் ஒன்றும் தெரியாது, ஏனெனில் வெளிக்காற்றே 30 பாகை. சனவரியில் 401 நெடுஞ்சாலையில் 100 கிலோமீற்றர் வேகத்தில் மைனஸ் 20 பாகைக் காற்று றேடியேற்றரில் அடிக்கும்போது, உண்டாகும் சூட்டைவிடக் கூடுதலான சூடு வெளியேறிவிடுகிறது.

என் காரில் இந்தக் குறியீடு வந்தபோது ஒரு கராஜில் கூலன்ற் வெப்பநிலைச் சென்சரை மாற்றினார்கள். குறியீட்டின் விளக்கத்தில் "கூலன்ற் வெப்பநிலை" என்ற சொற்கள் இருந்ததே காரணம். பத்து நாளில் விளக்குத் திரும்பியது. அதன்பின் நான் செய்த சோதனை இவ்வளவுதான்; இதை அப்போதே செய்திருக்கலாம்.

முதலில், எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது கூலன்ற் தொட்டியின் அளவைப் பார்க்கவேண்டும், ஏனெனில் கூலன்ற் குறைந்தாலும் இதே குறியீடு வரும். சூடான எஞ்சினில் மூடியைத் திறப்பது கையையும் முகத்தையும் வேகவைக்கும் செயல். குறைந்திருந்தால், எங்கே போனது என்று தேடுவது தனி வேலை. தண்ணீரை மட்டும் ஊற்றி நிரப்பிவிடாதீர்கள்; பாதிக்குப் பாதி கலந்த கூலன்ற்தான் மைனஸ் 37 பாகை அளவு வரை உறையாமல் நிற்கும்.

அடுத்தது சென்சர். இரவு முழுவதும் வெளியே நின்ற காரில், எஞ்சினை ஸ்ரார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, வாசிப்பானில் கூலன்ற் வெப்பநிலையையும் உள்வரும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரண்டும் வெளி வெப்பநிலையோடு சில பாகை வித்தியாசத்துக்குள் ஒத்துப்போகவேண்டும். ஒத்துப்போனால் சென்சரில் குறை இல்லை. ஒன்று மட்டும் மைனஸ் 40 என்று காட்டினால் அது குளிரின் அளவன்று. சென்சரின் கம்பி அறுந்தாலோ இணைப்புக் கழன்றாலோ பெரும்பாலான கார்கள் காட்டும் எண் அது. பி0113, பி0118 ஆகிய குறியீடுகள் அத்தோடு வரும். இரவில் எஞ்சினை மின்னால் சூடாக்கும் பிளொக் ஹீற்றர் செருகியிருந்தால் இந்த ஒப்பீடு செல்லாது, ஏனெனில் கூலன்ற் மட்டும் சூடாக இருக்கும். சில கார்களின் கணினியே அந்த வித்தியாசத்தைச் சென்சர்ப் பழுது என்று எடுத்துக்கொள்வதுண்டு.

மூன்றாவது, ஓட்டிப் பார்ப்பது. நின்றபடி சூடாக்கினால் ஒன்றும் தெரியாது. ஸ்ரார்ட் செய்து சில நிமிடங்களில், வாசிப்பான் 50 பாகை காட்டும்போது, எஞ்சினை அணைத்துவிட்டு றேடியேற்றருக்குப் போகும் மேற்குழாயைக் கையால் தொட்டுப் பாருங்கள். பல கார்களில் அது இன்னும் குளிர்ந்தே இருக்கவேண்டும்; எஞ்சினோடு சேர்ந்து அதுவும் சூடாகிக்கொண்டு வந்தால் கதவு திறந்தே நிற்கிறது. பின்னர் நெடுஞ்சாலையில் ஓடுங்கள். 85 அல்லது 90 பாகைக்கு ஏறி அங்கேயே நிற்காமல், வேகம் கூடக் கூட வெப்பம் இறங்கி, போக்குவரத்து நெரிசலில் நிற்கும்போது மறுபடி ஏறுமானால், வேறு சாட்சி தேவையில்லை. ஹீற்றர் காற்று வேகமாக ஓடும்போது குளிர்ந்துபோவதும் அதே கதைதான். என் காரில் அது 61 பாகைக்கு இறங்கியது. தெர்மோஸ்ரற் மாற்றிய பிறகு விளக்கு வரவில்லை. அந்தக் குளிர்காலத்தில் பெற்றோலும் குறைவாகச் செலவானது. குளிர்ந்த எஞ்சினுக்குக் கணினி கூடுதலாகப் பெற்றோல் ஊற்றிக்கொண்டிருந்ததை நான் அதுவரை கவனிக்கவில்லை.

பி0171, பி0174: காலையில் வந்து மதியம் மறையும் காற்றுக் கசிவு

எஞ்சினுக்குள் காற்றுக் கூடி எரிபொருள் குறைந்துவிட்டது என்பன இவை. குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது என்பதால் இது வருகிறது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியன்று, காற்றின் அளவை அளந்து அதற்கேற்ப எரிபொருள் விடுவதுதான் கணினியின் வேலையே. உண்மைக் காரணம் பெரும்பாலும் அளக்கப்படாமல் உள்ளே புகும் காற்று. இறப்பர்க் குழாய்களும் உள்ளிழுப்புக் குழலின் அடைப்பு வளையங்களும் குளிரில் இறுகிச் சுருங்கி ஒரு மயிரிழை வழி விடும். எஞ்சின் சூடானதும் விரிந்து மூடிக்கொள்ளும். மதியம் கராஜில் தேடினால் கசிவு இருக்காது.

வாசிப்பானில் குறுங்கால, நீண்டகால எரிபொருள் திருத்த வீதங்களைக் கூட்டிப் பாருங்கள். எஞ்சின் சற்றுச் சூடாகி இந்த எண்கள் அசையத் தொடங்கியபின், நின்ற நிலையில் கூட்டுத்தொகை 10 சதவீதத்துக்கு மேல் இருந்து, நிமிடத்துக்கு 2,500 சுற்றில் பிடிக்கும்போது சுழியத்தை நோக்கி இறங்கினால், அது காற்றுக் கசிவின் அடையாளம். இரண்டு நிலையிலும் உயர்ந்தே நின்றால், காற்றளக்கும் சென்சரின் அழுக்கையோ எரிபொருள் அழுத்தத்தையோ பார்க்கவேண்டும். கசிவைத் தேட எரியக்கூடிய ஸ்பிறேயை எஞ்சின்மேல் அடிக்கும் வழக்கத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை. காற்று வடிகட்டிப் பெட்டியிலிருந்து எஞ்சின்வரை போகும் இறப்பர்க் குழாயின் மடிப்புகளை விரலால் விரித்துப் பாருங்கள், வெடிப்புகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

எண்ணெய் மூடியின் அடியில் வெண்ணெய்போல் மஞ்சளாக ஏதேனும் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஐந்து நிமிடம் ஓடி நிறுத்துவதையே வழக்கமாகக் கொண்ட கார்களில், எஞ்சின் உள்ளே உண்டாகும் நீராவி வெளியேறாமல் எண்ணெயோடு கலந்து இப்படிப் படியும். கூலன்ற் குறையாதவரை அது பயப்படவேண்டியதன்று. ஆனால் அதே நீர், எஞ்சினின் உள்வாயுக்களை வெளியேற்றும் பிசிவி குழாயில் உறைந்து அடைத்துவிட்டால், உள்ளழுத்தம் கூடி எண்ணெய்க் கோலை மேலே தள்ளும், சில வேளைகளில் அடைப்பு வளையத்தையே வெளியே தள்ளிவிடும். வாரத்தில் ஒருமுறையேனும் அரைமணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டினால் இந்த நீர் ஆவியாகிப் போய்விடும்.

பி0300 முதல் பி0308 வரை: சிலிண்டர் தவறல்

குளிர்காலத்தில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. பனி அள்ளுவதற்காகக் காரை ஸ்ரார்ட் செய்து, பத்து அடி நகர்த்தி, உடனே அணைத்துவிடுவது. குளிர்ந்த எஞ்சினுக்குக் கணினி ஊற்றிய மிகையான பெற்றோல் எரிந்து முடிய முன்னர் நிறுத்தியதால், எரிபொருளைப் பொறியால் பற்றவைக்கும் பிளக்குகள் நனைந்துபோகும். அடுத்த ஸ்ரார்ட்டில் எஞ்சின் உதறும், விளக்கு மினுங்கும், அல்லது ஸ்ரார்ட் ஆகவே ஆகாது. பல கார்களில் அக்சிலறேற்றரை அடிவரை அழுத்திப் பிடித்தபடி ஸ்ரார்ட் செய்தால் எரிபொருள் நிறுத்தப்பட்டு உள்ளிருப்பது காய்ந்துபோகும். எஞ்சின் பிடித்ததும் காலை எடுத்துவிடவேண்டும். பின்னர் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு, குறியீடு மறுபடி வராவிட்டால் அதை மறந்துவிடலாம்.

மறுபடி வந்தால் கடைசி எண்ணைப் பாருங்கள். பி0303 என்றால் மூன்றாவது சிலிண்டர். அதன் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் கொயிலை முதலாவது சிலிண்டரின் கொயிலோடு இடம்மாற்றி, மறுநாள் குளிர்ந்த எஞ்சினில் ஸ்ரார்ட் செய்யுங்கள். குறியீடு பி0301 ஆக மாறினால் கொயில் கெட்டது. மாறாமல் நின்றால் அடுத்து பிளக்கையும், அதன்பின் எரிபொருள் தெளிக்கும் இன்ஜெக்ரரையும் பார்க்கவேண்டும். நேரடியாக சிலிண்டருக்குள் எரிபொருள் தெளிக்கும் எஞ்சின்களில் உள்ளிழுப்பு வால்வுகளில் படியும் கரியும், குளிர்ந்த ஸ்ரார்ட்டில் மட்டும் தவறலை உண்டாக்கக்கூடும்.

மற்றவை

பி0011, பி0014 போன்ற, வால்வுகள் திறந்து மூடும் நேரம் பற்றிய குறியீடுகள் குளிரில் மட்டும் வந்தால், எதையும் கழற்ற முன்னர் எண்ணெயைப் பாருங்கள். அந்த நேரத்தை மாற்றும் அமைப்பு எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. 0டபிள்யூ-20 என்ற மெல்லிய எண்ணெயைக் கேட்கும் எஞ்சினில் யாரோ குளிரில் கூடுதலாகத் தடிக்கும் 10டபிள்யூ-30 ஊற்றியிருந்தால் காலையில் அது தேன்போல நகரும்.

பி0455, பி0457 ஆகியவை பெற்றோல் தாங்கியிலிருந்து ஆவி கசிவதைச் சொல்பவை. மூடியின் இறப்பர் வளையத்தில் ஐஸ் படிந்திருந்தாலே போதும். துடைத்து, கிளிக் சத்தம் கேட்கும்வரை முறுக்கி மூடுங்கள். ஆனால் விளக்கு அன்றே அணையாது. பெரும்பாலான கார்கள் இந்தக் கசிவைத் தாமே பார்க்கும் சோதனையை ஏறக்குறைய 4 பாகைக்கும் 35 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில்தான் நடத்தும், தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் பழுதில்லை என்று கண்டால்தான் விளக்கை அணைக்கும். கடுங்குளிரில் அந்தச் சோதனையே நடக்காது. சனவரியில் மூடியைச் சரிசெய்தவர், இளகிய நாள் ஒன்று வரும்வரை விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்க நேரிடலாம்.

இதே காரணத்தால், சனவரியில் குறியீட்டை அழித்துவிட்டு "போய்விட்டது" என்று மகிழ்வதும் தவறு. வாசிப்பானில் சோதனைத் தயார்நிலை என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். பழுதுக்குரிய சோதனை "முடிந்தது" என்று காட்டி, விளக்கும் எரியாமல் இருந்தால் மட்டுமே திருத்தம் பலித்திருக்கிறது. "முடியவில்லை" என்றிருந்தால் கார் அந்த இடத்தை இன்னும் பார்க்கவேயில்லை.

கராஜுக்குக் கொடுக்கவேண்டி வந்தால், காரை முதல்நாள் மாலையிலேயே கொண்டுபோய் வெளியே நிறுத்திவிட்டு, மறுநாள் காலையில் முதல் ஸ்ரார்ட்டை மெக்கானிக்கே செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குழாய்களுக்குள் புகையைச் செலுத்திக் கசிவு தேடும் சோதனையும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே நடக்கட்டும். படம்பிடித்து வைத்த ஃபிரீஸ் ஃபிரேம் பக்கத்தையும், ஸ்ரார்ட் செய்ய முன்னர் அளந்த வோல்ற் எண்ணையும் ஒரு தாளில் எழுதிச் சாவியோடு கொடுத்துவிடுங்கள்.